நான்கு மகள்களின் தந்தை

1118-ஆம் ஆண்டு ஏப்ரல் 7, குருத்தோலை ஞாயிறு. ஜெருசலேம் மக்கள் ஓலை ஏந்திப் பவனி வந்துகொண்டிருந்த நேரத்தில் நகருக்குள் ஒரு சவ ஊர்வலம் நுழைந்தது. எகிப்தின் மீது படையெடுத்துப் போயிருந்த முதலாம் பால்ட்வின் மன்னர், திரும்பும் வழியில் அல்-அரிஷ் என்ற ஊரில் ஏப்ரல் 2 அன்று இறந்துவிட்டார். தன் உடலைப் பகைவர் மண்ணில் புதைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால், குடலை நீக்கி, உப்பும் வாசனைத் திரவியங்களும் இட்டு, பாலைவனம் கடந்து தூக்கி வந்திருந்தார்கள். சினாய்க் கரையில் உள்ள பர்தவீல் ஏரி இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

அதே நாளில் வடக்கேயிருந்து இன்னொரு பால்ட்வின் நகருக்குள் வந்து சேர்ந்தார். இறந்தவரின் உறவினர், எடெஸ்ஸாவின் கோமகன். ஈஸ்டர் திருநாளை ஜெருசலேமில் கொண்டாடக் கிளம்பியவருக்கு, மன்னர் இறந்த செய்தி வழியில்தான் கிடைத்தது.

மன்னருக்குப் பிள்ளை இல்லை. சட்டப்படி பார்த்தால் ஐரோப்பாவில் இருந்த அவருடைய அண்ணன் யூஸ்டஸுக்குத்தான் அரியணை. ஆனால் அவரைக் கடல் தாண்டி அழைத்து வர மாதங்கள் ஆகும். அதுவரை நாடு தாங்குமா என்று சபையில் பேச்சு எழுந்தபோது, கலிலேயாவின் பிரபு ஜாஸ்லின் எழுந்து எடெஸ்ஸா பால்ட்வினையே மன்னராக்கலாம் என்றார். அவர் சொன்னது சபையில் எடுபட்டதற்குக் காரணம் உண்டு. ஐந்தாண்டுகளுக்கு முன்பு இதே பால்ட்வின், உடல்நலம் சரியில்லை என்று பொய் சொல்லி ஜாஸ்லினை வரவழைத்து, சிறையில் அடைத்து, நிலங்களைப் பறித்துத் துரத்தியிருந்தார். எடெஸ்ஸா பஞ்சத்தில் வாடியபோது ஜாஸ்லினின் டெல் பஷீர் மட்டும் செழித்திருந்ததுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம். இவ்வளவு பட்டவரே பரிந்து பேசுகிறார் என்றால் அது நடுநிலையான பேச்சாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பால்ட்வின் மன்னரானதும் எடெஸ்ஸா ஜாஸ்லினுக்குக் கிடைத்தது. இருவருடைய தாய்மாரும் உடன்பிறந்த சகோதரிகள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 14, ஈஸ்டர் அன்று இரண்டாம் பால்ட்வின் மன்னராக அபிஷேகம் பெற்றார். இத்தாலியின் அப்புலியா வரை வந்துவிட்ட யூஸ்டஸ், செய்தி கேட்டு அங்கிருந்தே ஊர் திரும்பினார்.

யார் இந்த இரண்டாம் பால்ட்வின்? வடக்கு பிரான்சில் ரெத்தெல் கோமகனின் மகன். 1096-இல் முதலாம் சிலுவைப் போருக்குக் காட்ஃப்ரே படையோடு கிளம்பி வந்து, பிறகு ஐரோப்பாவைத் திரும்பிப் பார்க்காதவர். 1100-இல் காட்ஃப்ரே இறந்து, அவர் தம்பி முதலாம் பால்ட்வின் ஜெருசலேமின் மன்னராகப் போனபோது, காலியான எடெஸ்ஸா இவர் கைக்கு வந்தது. இன்றைய துருக்கியின் உர்ஃபாதான் அன்றைய எடெஸ்ஸா. யூப்ரடீஸ் ஆற்றுக்கு அப்பால், மூன்று பக்கமும் துருக்கிய அமீர்கள் சூழ, ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் நிறைந்த நாடு. அங்கே பிழைக்க வேண்டுமானால் உள்ளூர் மனிதர்களின் துணை வேண்டும். மெலிட்டீன் நகரை ஆண்ட ஆர்மீனியரான கேப்ரியேலின் மகள் மோர்ஃபியாவைப் பால்ட்வின் மணந்தார். சீதனம் 50,000 பொற்காசுகள்.

மாமனாரைப் பற்றி ஒரு கதை உண்டு. அதை எழுதி வைத்தவர் தீரு நகரப் பேராயர் வில்லியம். படைவீரர்களுக்குச் சம்பள பாக்கி. கையில் காசு இல்லை. மாமனாரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது வீரர்கள் கூட்டமாக வந்து நிற்க வேண்டும் என்று பால்ட்வின் முன்கூட்டியே ஏற்பாடு செய்தார். வந்தார்கள், பாக்கியைக் கேட்டார்கள். இல்லையென்றால் அடகுப் பொருளை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். எதை அடகு வைத்தீர் மாப்பிள்ளை என்று கேப்ரியேல் கேட்க, தாடியை என்று பதில் வந்தது. கேப்ரியேலுக்குத் தலை சுற்றியது. அந்த நாட்டில் ஆணுக்குத் தாடிதான் மானம். ஒரு முடி போனாலும் தலைகுனிவு. முப்பதாயிரம் பொற்காசுகளை எடுத்துக் கொடுத்து, இனி எந்த நெருக்கடியிலும் தாடியை அடகு வைப்பதில்லை என்று மருமகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். வில்லியம் இதை எழுதியது அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவர் கதையைப் பொருத்தும் காலத்தில் கேப்ரியேல் உயிரோடே இல்லை. ஆனாலும் இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பால்ட்வினைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது இதில் இருக்கிறது: எப்போதும் காசுக்குத் திண்டாடுகிறவர், எந்த இக்கட்டிலும் ஒரு தந்திரம் கைவசம் வைத்திருப்பவர்.

1104-இல் ஹர்ரான் போரில் பால்ட்வினும் ஜாஸ்லினும் துருக்கியரிடம் சிறைப்பட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து விடுதலையாகி வந்தால், எடெஸ்ஸாவைப் பார்த்துக்கொண்டிருந்த சிலுவைப் படைத் தலைவர் டான்க்ரெட் அதைத் திருப்பித் தர மறுத்தார். 1108-இல் டெல் பஷீர் அருகே நடந்த சண்டையில், மோசூல் அமீர் ஜவாலியின் படை பால்ட்வின் பக்கம். அலெப்போ அரசர் ரித்வானின் படை டான்க்ரெட் பக்கம். சிலுவைப் போர் என்றால் கிறிஸ்தவர் ஒருபுறம், முஸ்லிம்கள் மறுபுறம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இங்கே மறந்துவிடுவது நல்லது. மண்ணுக்கான சண்டையில் கூட்டணிகள் மண்ணைப் பொறுத்தே அமைந்தன.

மன்னரானபோது பால்ட்வினுக்கு மூன்று மகள்கள்: மெலிசெண்ட், அலிஸ், ஹோடியெர்னா. நான்காவதாக யோவெட்டா, ஜெருசலேம் வந்த பிறகு பிறந்தாள். மகன் பிறக்கவே இல்லை.

இந்த இடத்தில் அவருக்கு முன்பு ஆண்டவரை நினைத்துப் பார்க்க வேண்டும். முதலாம் பால்ட்வினும் ஆர்மீனியப் பெண்ணைத்தான் மணந்திருந்தார். தேவை தீர்ந்ததும் அவளைக் கன்னியர் மடத்தில் தள்ளினார். 1113-இல் சிசிலியின் செல்வச் சீமாட்டி அடிலெய்டை மணந்து, அவள் கொண்டு வந்த பணம் கரைந்து, திருமணமும் சிக்கலானதும் 1117-இல் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார். மகன் இல்லாத அரசன் மனைவியை மாற்றுவது அன்றைய ஐரோப்பாவில் அதிசயம் இல்லை. உறவுமுறை சரியில்லை என்று ஒரு காரணம் காட்டினால் திருச்சபையே வழிவிடும். இரண்டாம் பால்ட்வின் அதைச் செய்யவில்லை. 1119 கிறிஸ்துமஸ் அன்று பெத்லகேமில் மோர்ஃபியாவை அருகில் வைத்துக்கொண்டு முடிசூடினார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான்.

அந்த ஆண்டு நல்ல ஆண்டாக இருக்கவில்லை. ஜூன் 28 அன்று அந்தியோக்கியாவின் ரோஜர், மார்தின் அமீர் இல்காஸியிடம் படையோடு அழிந்தார். அந்த இடத்துக்கு ‘இரத்தக் களம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தியோக்கியாவின் வாரிசு இத்தாலியில் வளரும் சிறுவன். ஆகவே அந்த நாட்டைக் காக்கும் பொறுப்பும் பால்ட்வின் தலையில் விழுந்தது. ஜெருசலேமுக்கும் அந்தியோக்கியாவுக்கும் இடையே ஓடியே அவர் ஆட்சியில் பாதி கழிந்தது. இதே காலத்தில் யூக் டி பாயென்ஸ் என்ற வீரரும் அவர் தோழர்களும் யாத்திரிகர்களைக் காக்க ஒரு துறவற அணி அமைத்தபோது, அல்-அக்ஸாவில் இருந்த தன் அரண்மனையில் ஒரு பகுதியை அவர்களுக்குத் தங்கக் கொடுத்தார். டெம்ப்ளர்கள் என்று பெயர் பெற்றவர்கள் இவர்கள்தான். அவர்களுக்கு இந்தத் தொடரில் தனி அத்தியாயம் உண்டு.

1122 இலையுதிர் காலத்தில் ஜாஸ்லின் மறுபடியும் சிறைப்பட்டார். பிடித்தவர் இல்காஸியின் சகோதரர் மகன் பெலெக். அடுத்த ஏப்ரலில் பால்ட்வினும் அதே பெலெக்கிடம் சிக்கினார். இருவரும் கார்பெர்ட் கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். ஆர்மீனியர்கள் நிறைந்த பகுதி அது. ராணியோ ஆர்மீனியர், ஜாஸ்லினின் முதல் மனைவியும் ஆர்மீனியர். ஒரு நாள் சுமார் ஐம்பது ஆர்மீனியர்கள் துறவிகளாகவும் வியாபாரிகளாகவும் வேடமிட்டுக் கோட்டைக்குள் நுழைந்தார்கள். காவலர்களை வெட்டிச் சாய்த்துக் கோட்டையையே பிடித்துவிட்டார்கள். ஆனால் சுற்றிலும் எதிரி நாடு. கோட்டையைப் பிடித்துக்கொண்டு பால்ட்வின் உள்ளே இருப்பது, ஜாஸ்லின் வெளியேறிப் படை திரட்டி வருவது என்று முடிவானது.

ஜாஸ்லின் இரவோடிரவாக நழுவினார். யூப்ரடீஸ் குறுக்கிட்டது. அவருக்கு நீச்சல் தெரியாது. கையோடு கொண்டு வந்திருந்த இரண்டு தோல்பைகளில் காற்றை ஊதி, அவரைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, நீந்தத் தெரிந்த தோழர்கள் அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கரையில் ஓர் ஆர்மீனியக் குடியானவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். முன்பு ஒரு காலத்தில் பசியோடிருந்தபோது ஜாஸ்லின் தனக்குச் சோறு போட்டதை நினைவில் வைத்திருந்தவர் அவர். மனைவி மக்களோடு கழுதையில் மூட்டை ஏற்றிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். வழியில் யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று, எடெஸ்ஸாவின் கோமகன் கழுதை மேல் உட்கார்ந்து அந்தக் குடியானவரின் பெண்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனார். குழந்தை விடாமல் அழுதது. பால் கொடுக்கவும் ஆளில்லை, தாலாட்டவும் தெரியவில்லை. எத்தனையோ போர்க்களம் கண்டவர், குழந்தையைச் சமாதானப்படுத்த முடியாமல் தவித்ததை அக்காலத்தவரான ஃபுல்ஷர் எழுதியிருக்கிறார். உதவிய அந்த மனிதரின் மனம் கோணக் கூடாதே என்று குழந்தையைத் திருப்பித் தரவும் ஜாஸ்லினுக்கு மனம் வரவில்லை. அப்படியே டெல் பஷீர் வந்து சேர்ந்தார்.

அவர் படையோடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1123 செப்டம்பரில் பெலெக் வந்து கோட்டைச் சுவரின் அடியில் சுரங்கம் தோண்டிச் சரித்தார். ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். மன்னரையும் ஓரிருவரையும் மட்டும் உயிரோடு விட்டு, ஹர்ரானுக்கு மாற்றினார். தங்கள் ஊர்ப் பெண்ணின் கணவருக்காக உயிர் கொடுத்த அந்த ஐம்பது பேரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

மன்னர் சிறையில் இருந்த காலத்தில்தான் வெனிஸ் கப்பற்படையின் உதவியோடு, 1124 ஜூலையில் தீரு நகரம் சிலுவைப் படைக்கு விழுந்தது. மன்னர் இல்லாமலே அவர் ஆட்சியின் மிகப் பெரிய வெற்றி கிடைத்தது. பிரபுக்கள் சிலர் பிளாண்டர்ஸ் கோமகன் சார்ல்ஸுக்கு மணிமுடியைத் தர முன்வந்ததாகவும், அவர் மறுத்ததாகவும் ஒரு குறிப்பு உண்டு. வடக்கே அந்தியோக்கியாவுக்காக ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த மன்னர் மீது ஜெருசலேமில் அதிருப்தி இருந்தது உண்மை.

1124 மே மாதம் பெலெக் அம்பு பட்டு இறந்தார். கைதி இல்காஸியின் மகன் திமுர்தாஷின் கைக்கு மாறினார். திமுர்தாஷுக்குப் போரில் ஆர்வமில்லை, பணம் போதும். ராணி மோர்ஃபியாவும் ஜாஸ்லினும் பேச்சுவார்த்தைக்கு முன்வந்தார்கள். ஷைசர் அமீர் நடுவராக இருந்தார். 80,000 தினார் மீட்புத்தொகை, முதல் தவணை 20,000. அஸாஸ் உள்ளிட்ட கோட்டைகளை ஒப்படைப்பது. மீதித் தொகைக்குப் பிணையாட்கள். பிணையாட்களில் ஜாஸ்லினின் சிறுவயது மகன் இருந்தான். யோவெட்டாவும் இருந்தாள். நான்கு, ஐந்து வயதுக் குழந்தை. அப்பா வெளியே வர, மகள் உள்ளே போனாள்.

இதற்குப் பிறகு பால்ட்வின் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தியோக்கியா தன் சொந்த நாடல்ல, காவலன் என்ற முறையில் அதன் மண்ணை விட்டுக்கொடுக்க உரிமையில்லை என்று அங்குள்ள முதுபெரும் தந்தை சொல்லிவிட்டார் எனக் காரணம் காட்டி, அஸாஸைத் தர மறுத்தார். அதோடு நிற்கவில்லை. அக்டோபரில் வேறு முஸ்லிம் தலைவர்களைச் சேர்த்துக்கொண்டு திமுர்தாஷின் அலெப்போவையே முற்றுகையிட்டார். மகள் பகைவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் இவ்வளவும். பிணையாட்களைக் காவலில் வைத்திருந்த ஷைசர் அமீர்கள் கண்ணியமானவர்களாக இருந்ததால் குழந்தை தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். மோசூலின் அல்-புர்சுகி வந்து 1125 ஜனவரியில் முற்றுகையைக் கலைத்தார். ஜூனில் அஸாஸ் அருகே நடந்த போரில் பால்ட்வின் அவரை வென்றார். அந்தப் போரில் கிடைத்த கொள்ளைப் பொருளைக் கொண்டுதான் யோவெட்டா மீட்கப்பட்டாள்.

அக்காள் மூவருக்கும் திருமணம் நடந்தது. யோவெட்டாவுக்கு நடக்கவில்லை. ஜெருசலேமின் தூய அன்னாள் மடத்தில் கன்னியரானார். பின்னாளில் பெத்தானியா மடத்தின் தலைவியானார். அந்த மடத்தைக் கட்டி, எரிகோவின் வருமானத்தை அதற்கு எழுதி வைத்தவர் மூத்த அக்காள் மெலிசெண்ட். பகைவர் காவலில் ஓராண்டு இருந்தது அவளுடைய மணவாழ்வுக்குத் தடையானது என்று ஊகிக்கும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆதாரம் இல்லாத அந்த ஊகத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் தங்கைக்காக அக்காள் காட்டிய அக்கறையில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு கடன் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

மோர்ஃபியா 1126 அல்லது 1127-இல் இறந்தார். மன்னர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆண் வாரிசுக்கான கடைசி வாய்ப்பையும் அவரே மூடிவிட்டார். இனி மகள்கள்தான் நாடு.

அந்தியோக்கியாவின் வாரிசான இரண்டாம் போஹெமண்ட் வயதுக்கு வந்து கப்பலில் வந்திறங்க, அவருக்கு அலிஸை மணமுடித்தார். மெலிசெண்டுக்கு மாப்பிள்ளை தேடிப் பிரான்சுக்குத் தூது போனது. ஆஞ்சூ நாட்டுக் கோமகன் ஃபுல்க் அகப்பட்டார். மனைவியை இழந்தவர், வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர், ஆனால் செல்வமும் படையும் அனுபவமும் நிறைந்தவர். 1129-இல் திருமணம் நடந்தது. அந்த ஆண்டு ஆவணம் ஒன்றில் மெலிசெண்ட், மன்னரின் மகள் என்றும் ஜெருசலேம் அரசின் வாரிசு என்றும் குறிக்கப்பட்டிருக்கிறார்.

அலிஸ் தந்தைக்கு அடங்கவில்லை. 1130 பிப்ரவரியில் போஹெமண்ட் போரில் கொல்லப்பட்டார். இரண்டு வயது மகள் கான்ஸ்டன்ஸ் மட்டுமே வாரிசு. ஆட்சியைத் தானே வைத்துக்கொள்ள நினைத்த அலிஸ், அலெப்போவின் புதிய அதிபதி ஜெங்கியிடம் ஆதரவு கேட்டு ஆளனுப்பினார். கூடவே ஒரு பரிசு: பனிபோல் வெளுத்த குதிரை, வெள்ளி லாடம், வெள்ளிக் கடிவாளம், வெண்பட்டுப் போர்வை. குதிரையும் தூதனும் வழியில் பால்ட்வினிடம் பிடிபட்டார்கள். தூதனுக்கு மரண தண்டனை. மன்னர் அந்தியோக்கியா வந்து சேர்ந்தபோது நகரக் கதவு சாத்தியிருந்தது. மகள் தந்தைக்குக் கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தவர்கள் சிலர் ரகசியமாகத் திறந்துவிட, அலிஸ் கோட்டைக்குள் பதுங்கினார். பெரியவர்கள் இடையில் பேசிய பிறகு, அவர் வெளியே வந்து தந்தையின் காலில் விழுந்தார். பால்ட்வின் மகளைச் சிறையில் அடைக்கவில்லை. லத்தாக்கியாவையும் ஜபலாவையும் கொடுத்து, அங்கே போய் இரு என்று அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து திரும்பியவர் நோயில் விழுந்தார். வில்லியம் அவர் தோற்றத்தை எழுதியிருக்கிறார்: உயரமானவர், சிவந்த முகம், நரை கலந்த அடர்த்தியற்ற பொன்னிற முடி, மார்பு வரை தொங்கும் மெல்லிய தாடி. ஓயாமல் முழந்தாளிட்டு ஜெபித்ததில் கைகளிலும் முழங்கால்களிலும் தடித்துக் காய்ப்பு ஏறியிருந்ததாம். முடிவு நெருங்கியதும் அரண்மனையை விட்டு, திருக்கல்லறைத் தேவாலயத்துக்கு அருகே இருந்த முதுபெரும் தந்தையின் இல்லத்துக்குப் போனார். மகள் மெலிசெண்டையும், மருமகன் ஃபுல்க்கையும், ஒரு வயதுப் பேரன் பால்ட்வினையும் அழைத்தார். நாட்டை மூவரிடமும் சேர்த்து ஒப்படைத்தார். மருமகனிடம் மட்டும் கொடுக்கவில்லை. பிறகு அரச உடையைக் களைந்து துறவி உடை உடுத்திக்கொண்டார். 1131 ஆகஸ்ட் 21 அன்று இறந்தார். திருக்கல்லறைத் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மன்னராகப் பதின்மூன்று ஆண்டுகள். அதில் ஓராண்டுக்கும் மேல் சிறையில். டமாஸ்கஸைப் பிடிக்க 1129-இல் எடுத்த பெரும் முயற்சி தோற்றது. போர்வீரராக அவரைவிடச் சிறந்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். ஆனால் ஹோடியெர்னா திரிப்போலியின் கோமகனை மணந்த பிறகு கணக்கைப் பார்த்தால், ஜெருசலேம், அந்தியோக்கியா, திரிப்போலி மூன்றிலும் அடுத்து ஆண்டவர்கள் மோர்ஃபியாவின் பேரப்பிள்ளைகள். மகன் இல்லை என்று மனைவியைத் தள்ளியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

செப்டம்பர் 14 அன்று ஃபுல்க்கும் மெலிசெண்டும் முடிசூடினார்கள். மூவருக்கும் பொதுவான ஆட்சி என்ற மாமனாரின் ஏற்பாடு ஃபுல்க்குக்குப் பிடிக்கவில்லை. தனியாக ஆள அவர் எடுத்த முயற்சியையும், அதை மெலிசெண்ட் எதிர்கொண்ட விதத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.